வளரும் வயதில் முட்டிவலி, குதிகால் வலி: விளையாடும் பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

8 முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகள் பள்ளி அணியிலோ அகாடமியிலோ ஆடத் தொடங்கியதும் அவர்களின் பெற்றோர், பி.டி. ஆசிரியர்கள், பயிற்சியாளர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். மருத்துவர் பார்த்து இன்னதென்று சொன்ன பிறகு வீட்டிலும் மைதானத்திலும் என்ன செய்வது என்பதே இதில் பெரும்பகுதி. அவசர அறிகுறிகள் 4-ஆம் கேள்வியில் உள்ளன. மற்றதை விட்டாலும் அதைப் படித்துவிடுங்கள்.

1. பையனுக்கு 13 வயசு, கபடி ஆடுறான். முட்டிக்குக் கீழ எலும்பு புடைச்சு நிக்குது, தொட்டா துள்ளுறான். கட்டி கிட்டி ஏதாவதா இருக்குமோ?

பெரும்பாலும் கட்டி இல்லை. தொடையின் முன்தசை முட்டிச் சில்லைப் பற்றிக்கொண்டு, அதன் கீழிருந்து ஒரு தடித்த நாணாக இறங்கி, கணைக்கால் எலும்பின் முன்மேட்டில் போய் ஒட்டுகிறது. பெரியவர்களுக்கு அந்த மேடு கெட்டி எலும்பு. 13 வயதில் அது இன்னும் பாதி குருத்தெலும்பு. ஒவ்வொரு தாவலிலும், வேக ஓட்டத்திலும், உட்கார்ந்து எழுவதிலும் நாண் அந்த இளம் இடத்தைப் பிடித்து இழுக்கிறது. இழுப்பு ஆறுவதற்குள் அடுத்த இழுப்பு வந்தால் அந்த இடம் புண்பட்டு, வீங்கி, மேடு உயர்கிறது. இதற்குப் பெயர் ஆஸ்குட்-ஷ்லாட்டர். 1903-இல் பாஸ்டனில் ஆஸ்குட், சூரிச்சில் ஷ்லாட்டர் என்று இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்ததால் இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டன.

பையன்களுக்கு 12 முதல் 15 வயதிலும், பெண்பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னதாகவும் வரும். ஒரே விரலால் 'இங்கேதான்' என்று மேட்டைத் தொட்டுக் காட்டுவார்கள். மேட்டில் வலிக்காமல் சில்லின் கீழ் நுனியில் வலித்தால் அது சிண்டிங்-லார்சன்-யோஹான்சன். அதே நாணின் மேல்முனைத் தொல்லை, பொதுவாக 10 முதல் 13 வயதில் வருவது. இரண்டுக்கும் பயிற்சி ஒன்றுதான் என்பதால் இனி 'முட்டி' என்று சொல்வதெல்லாம் இரண்டையும் சேர்த்தே.

2. பொண்ணுக்கு 10 வயசு. பேட்மிண்டன் முடிச்சு வந்தா குதிகாலைத் தரையில ஊனாம நுனிக்கால்ல நடக்குறா. குதிகால்ல முள் வளர்ந்திருக்கும்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க.

முள் என்பது பெரியவர்கள் விஷயம். 8 முதல் 14 வயதில் குதிகால் வலித்தால் முதலில் நினைக்க வேண்டியது சீவர் நோய். பாஸ்டன் மருத்துவர் சீவர் 1912-இல் எழுதியது. குதிகால் எலும்பின் பின்பக்கம் தனித் துண்டாக வளர்ந்து, பிறகுதான் பெரிய எலும்போடு சேரும். அதுவரை மேலிருந்து கெண்டைக்கால் நாண் இழுக்கிறது, கீழிருந்து உள்ளங்காலின் நார்ப்பட்டை இழுக்கிறது, தரை வேறு இடிக்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். குதிகாலின் இரண்டு பக்கத்தையும் உள்ளங்கைகளால் பிடித்து மெல்ல அழுத்துங்கள். பிள்ளை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் பெரும்பாலும் இதுதான். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டு குதிகாலிலும் இருக்கும். துண்டு எலும்போடு சேர்ந்த பிறகு இந்த வலி வர வழியே இல்லை. ஆகவே இது முடிகிற நோய்தான். அதுவரை பிள்ளையை எப்படி ஓட வைப்பது என்பதே கேள்வி.

3. ராத்திரி கால் குடையுதுன்னு அழுவானே, அந்த வளர்ற வலியும் இதுவும் ஒண்ணா?

இல்லை. இரவில் குடையும் வலி 3 முதல் 12 வயதில் வரும். இரண்டு கால்களிலும், தொடை, கெண்டைக்கால் என்று பரவலாக இருக்கும். தடவிக் கொடுத்தால் தூங்கிவிடுவார்கள். காலையில் ஒன்றும் நடக்காதது போல ஓடுவார்கள். இங்கே பேசும் வலி நேர் எதிர்: ஆடினால் வரும், ஓய்ந்தால் குறையும், ஒரே புள்ளியில் நிற்கும்.

4. எப்போ உடனே டாக்டர்கிட்ட ஓடணும்?

தாவும்போது 'டப்' என்று ஒரு சத்தமோ உணர்வோ வந்து, அதன் பிறகு படுத்தபடி காலை நேராகத் தூக்க முடியவில்லை என்றால் அன்றே எலும்பு மருத்துவர். நாண் ஒட்டும் மேடே பெயர்ந்திருக்கலாம். 13 வயதுக்கு மேற்பட்ட பையன்களுக்கு நீளம் தாண்டுதலிலும் கூடைப்பந்திலும் இது நடக்கும். இதை ஐஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. கட்டுப் போட்டுவிடவும் கூடாது.

அடிக்கடி தவறவிடப்படுவது இடுப்பு. 10 முதல் 16 வயது, கொஞ்சம் பருமனான பிள்ளை, முட்டி வலிக்கிறது என்கிறது, ஆனால் முட்டியில் எங்கே அழுத்தினாலும் வலி இல்லை, நொண்டுகிறது, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கிறது என்றால் இடுப்பு மூட்டின் பந்து அதன் வளர்தட்டில் (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதியில்) வழுக்கியிருக்கலாம். மல்லாக்கப் படுக்க வைத்து முட்டியை மார்பை நோக்கி மடக்கினால் கால் தானாக வெளியே திரும்பும். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். இடுப்புக்கும் சேர்த்து எக்ஸ்ரே கேளுங்கள்.

தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஆடாத நாளிலும் வாரா வாரம் ஏறும் வலி, காய்ச்சல், எடை குறைவு, மூட்டு முழுக்க வீங்குவது, முட்டி பூட்டிக்கொண்டு விரியாமல் போவது, காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு: இவற்றில் எது இருந்தாலும் கீழே சொல்லும் பயிற்சிகள் பொருந்தாது. முதலில் நோய் என்னவென்று தெரிய வேண்டும்.

5. எக்ஸ்ரேல 'எலும்பு துண்டு துண்டா இருக்கு'ன்னு எழுதியிருக்காங்க. உடைஞ்சிருச்சா?

குதிகாலின் வளர்துண்டு அந்த வயதில் வெள்ளையாகவும் இரண்டு மூன்று துண்டாகவும் தெரிவது இயல்பு. வலியே இல்லாத பிள்ளைக்கு எடுத்தாலும் அப்படித்தான் இருக்கும். முட்டி மேட்டிலும் சிறு துணுக்குகள் தெரியலாம். சீவர், ஆஸ்குட் இரண்டையும் கையால் தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். எக்ஸ்ரே எடுப்பது 4-ஆம் கேள்வியில் உள்ளவை இல்லையென்று உறுதி செய்ய. குறிப்பாக ஒரு காலில் மட்டும் வலி, கீழே விழுந்த பிறகு வந்த வலி, சொன்னபடி செய்தும் 6 முதல் 8 வாரத்தில் அசையாத வலி ஆகியவற்றுக்கு எடுத்துப் பார்ப்பது சரி.

6. எலும்பு சீக்கிரம் வளருது, தசை பின்தங்குது, அதனாலதான் வலின்னு சொல்றாங்களே? அப்போ தசையை நல்லா இழுத்துவிட்டா போதுமா?

பாதி உண்மை. கால் வளர்வதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முட்டியைச் சுற்றித்தான் நடக்கிறது. தொடை எலும்பின் கீழ்முனை வருடத்துக்குச் சுமார் 9 முதல் 10 மி.மீ., கணைக்கால் எலும்பின் மேல்முனை சுமார் 6 மி.மீ. வேகமாக வளரும் மாதங்களில் தசை இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் அதே வேகத்தில் வளரும் வகுப்புத் தோழர்கள் எத்தனையோ பேருக்கு வலி இல்லை. வலி வருபவர்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில் அதிகம் தாவியவர்கள், அதிகம் ஓடியவர்கள்.

இழுத்துவிடும் பயிற்சி துணைதான், மருந்தல்ல. வலி கடுமையாக இருக்கும்போது குப்புறப் படுத்துக் குதிகாலைப் புட்டத்தில் முட்டவைக்கும் இழுப்பைச் செய்தால் புண்பட்ட அதே மேட்டைத்தான் இழுக்கிறோம். மேட்டில் வலி தெரிந்தால் அதை ஒரு மாதம் விட்டுவிடுங்கள். தொடையின் பின்தசையையும் கெண்டைக்காலையும் 30 விநாடி, 3 முறை, தினமும் இழுக்கலாம்.

7. டாக்டர் 'ஆறு மாசம் ரெஸ்ட்'னு சொல்லிட்டார், கோச் 'வலி இருந்தாலும் ஆடு'ன்னு சொல்றார். யார் பேச்சைக் கேட்கிறது?

இரண்டும் வேண்டாம். முழு ஓய்வில் வலி போகும். கூடவே தொடைத் தசையும் கெண்டைத் தசையும் மெலியும். ஆறு மாதம் கழித்து அதே பழைய பயிற்சிக்கு மெலிந்த காலோடு திரும்பினால் இரண்டாம் வாரமே வலி வந்து நிற்கும். வலியோடு ஆடிக்கொண்டே இருந்தால் நொண்டல் பழக்கமாகி, மறுகாலும் இடுப்பும் கெடும்.

நடுவழி ஒரு விதி. 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்க முடியாதது. ஆடும்போது வலி 3-ஐத் தாண்டக் கூடாது. மறுநாள் காலை எழுந்ததும் முந்தைய நாள் காலை இருந்த அளவுக்கே திரும்பியிருக்க வேண்டும். எந்த நேரத்திலும் நொண்டக் கூடாது. மூன்றும் சரியென்றால் அந்த அளவு ஆட்டம் ஏற்றது. ஒன்று தவறினாலும் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். இந்த மூன்றில் பெற்றோர் அதிகம் கோட்டை விடுவது மறுநாள் காலையைத்தான். ஆடும்போது உடம்பு சூடேறி வலி மறையும். உண்மையைச் சொல்வது காலையில் படியிறங்கும்போது. பிள்ளை சொல்லும் எண்ணை விட அதன் நடையை நம்புங்கள். அணியில் இடம் போய்விடும் என்று பயப்படும் பிள்ளை 6-ஐ 2 என்று சொல்லும்.

8. அளவைக் குறைன்னா எதை, எவ்வளவு?

முதலில் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பள்ளி பி.டி. வகுப்பு, மாலைப் பயிற்சி, ஞாயிறு மேட்ச், தெருவில் ஆடும் கிரிக்கெட், டியூஷனுக்கு ஓடும் ஓட்டம் எல்லாம் கணக்கில் வரும். கூட்டிப் பார்த்தால் பலருக்கும் தலை சுற்றும். ஒழுங்கு செய்யப்பட்ட பயிற்சி வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்றால், அந்த எண் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. 12 வயதுக்கு 12 மணி நேரம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு.

எல்லாவற்றையும் சமமாக வெட்ட வேண்டாம். முட்டிக்கு: தாவுதல், திடீரென்று நின்று திரும்புதல், ஆழமாகக் குந்துதல், மண்டியிடுதல். குதிகாலுக்கு: வேக ஓட்டம், சிமெண்ட் தரை, முள் ஷூ, கயிறு தாண்டுதல். முதல் 2 முதல் 4 வாரம் இவற்றை நிறுத்திவிட்டு மற்றதை விடுங்கள். கைப்பந்து ஆடும் பிள்ளை நின்றபடி செட் செய்யலாம், சர்வீஸ் போடலாம், ஸ்மாஷ் வேண்டாம். வேகப்பந்து வீசுபவர் பேட் செய்யலாம். மூச்சுத் திறன் குறையாமல் இருக்க சைக்கிள், நீச்சல். சைக்கிளில் சீட்டை உயர்த்திவையுங்கள். தாழ்ந்திருந்தால் முட்டி அதிகம் மடங்கி வலிக்கும். நீச்சலில் தவளைக் கால் உதை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

9. முட்டிக்கு என்னென்ன பயிற்சி, எத்தனை தடவை?

முதல் கட்டம், ஏறக்குறைய 4 வாரம், தினமும். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டு வையுங்கள். துண்டை முட்டியால் கீழே அழுத்தித் தொடையை இறுக்கி 30 விநாடி பிடித்து விட வேண்டும், 10 முறை. எலும்பு அசையாமல் தசை மட்டும் வேலை செய்வதால் வலி அதிகம் வராது, பலருக்கு உடனே குறையவும் செய்யும். அடுத்து, மல்லாக்கப் படுத்து முட்டிகளை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்குவது. 12 முறை, 3 சுற்று. புட்டத் தசை பலம் பெற்றால் தரையிறங்கும்போது முட்டியின் சுமை குறையும்.

இரண்டாம் கட்டம், 5 முதல் 12-ஆம் வாரம் வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்வது போல இறங்கி நிற்பது; முதலில் பாதி மட்டும் இறங்கி 30 விநாடி, 5 முறை. தொடை தரைக்கு இணையாக வரும்வரை வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தலாம். வீட்டு மாடிப்படி ஒன்றில் ஏறி இறங்குவது 10 முறை, 3 சுற்று. இறங்கும்போது மெதுவாக, மூன்று எண்ணி. பிறகு ஒரு காலை முன்வைத்து இறங்கும் லஞ்ச். எதிலும் 7-ஆம் கேள்வியின் விதியே அளவுகோல்.

மூன்றாம் கட்டம் தாவல். இதை யாரும் எண்ணுவதில்லை, எண்ணாததால்தான் கெடுகிறது. இரண்டு காலில் சிறு தாவல், சத்தமில்லாமல் தரையிறங்க வேண்டும்: ஒரு நாளைக்கு 30, வாரம் இரண்டு நாள். பிரச்சினை இல்லையென்றால் அடுத்த வாரம் 40, பிறகு 50. 80 தொட்ட பிறகு ஒரு காலில், மறுபடி 20-இலிருந்து. தொம்மென்று சத்தம் கேட்டால் தசை களைத்துவிட்டது என்று பொருள். அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

10. குதிகாலுக்கும் அதே பயிற்சியா?

கட்டங்கள் அதே, தசை வேறு. சமதரையில் இரண்டு கால் நுனியில் உயர்ந்து 30 விநாடி நிற்பது, 5 முறை, தினமும். அது சுலபமானதும் ஏறி இறங்குவது 12 முறை, 3 சுற்று. பிறகு ஒற்றைக்காலில். குதிகாலை நன்றாகத் தூக்கி, முட்டியை மடக்காமல், ஒற்றைக்காலில் தொடர்ந்து 20 முறை செய்ய முடிந்தால் ஓடத் தொடங்கலாம். யூடியூபில் பார்த்துவிட்டுப் படி விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே தொங்கவிடும் பயிற்சியை முதல் மாதமே செய்கிறார்கள். அது பெரியவர்களின் நாண் வலிக்கு வகுத்தது. பிள்ளையின் குதிகாலில் அது வளர்துண்டை இழுக்கும். வலி அடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கணுக்கால் எவ்வளவு மடங்குகிறது என்றும் பாருங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொடச் சொல்லுங்கள். பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்தி, தொட முடிகிற கடைசி இடத்தில் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளக்கவும். இரண்டு காலுக்கும் 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைவான காலின் கெண்டையைக் கூடுதலாக இழுத்துவிட வேண்டும்.

11. ஷூவை மாத்தணுமா? சிலிகான் ஹீல் கப் வாங்கலாமா?

முட்டிக்கு ஷூ பெரிய விஷயமில்லை. குதிகாலுக்கு விஷயமே ஷூதான். பள்ளியில் போடும் வெள்ளை கேன்வாஸில் குதிகால் பகுதி விரல் தடிமன்கூட இருக்காது. கால்பந்து ஷூவில் குதிகால் முன்காலை விடத் தாழ்ந்திருக்கும், ஆணிகள் நேராகக் குத்தும். வலி உள்ள வாரங்களில் பயிற்சியைக் குதிகால் தடித்த ஓட்ட ஷூவில் வைத்துக்கொண்டு, மேட்சுக்கு மட்டும் மற்றதைப் போடலாம்.

ஹீல் கப் அல்லது 10 முதல் 12 மி.மீ. உயரமுள்ள குதிகால் திண்டு போடுங்கள். வலி ஒரு காலில் இருந்தாலும் இரண்டு ஷூவிலும் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கால் நீளமாகி இடுப்பு கோணும். அழுத்தினால் அப்பளமாக நசுங்கும் பஞ்சு போதாது. காலை வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டுக்குள் போட ஒரு மெத்தென்ற செருப்பு வாங்குவது, விலையுயர்ந்த ஷூவை விட அதிகம் உதவும். சிலம்பம், கபடி, கோ-கோ என்று வெறுங்காலில் ஆடுபவர்களுக்குத் திண்டு வைக்க இடமில்லை. மண் தரைக்கு மாற்றுங்கள், நேரத்தைக் குறையுங்கள்.

12. மெடிக்கல்ல நீ கேப் வாங்கிப் போட்டோம், இன்னும் வலிக்குதுங்கிறான்.

இறுக்கமான நீ கேப் மேட்டின் மேலேயே அழுத்தும். கழற்றிவிடுங்கள். சில்லுக்குக் கீழே நாணின் மேல் கட்டும் ஒரு விரல் அகலப் பட்டை சிலருக்கு ஆடும்போது வலியைக் குறைக்கும். 10 நிமிடத்தில் வித்தியாசம் தெரியவில்லையென்றால் அது அந்தப் பிள்ளைக்கு உதவவில்லை. கபடி, கைப்பந்து, விக்கெட் கீப்பிங் போன்றவற்றில் முட்டி தரையில் படும் என்பதால் தடித்த திண்டு வைத்த நீ பேட் அவசியம்.

13. ஐஸ் வைக்கவா, எண்ணெய் போட்டு நீவவா, கட்டு போடவா, ஊசி போட்டா சரியாயிடுமா?

ஐஸ்: துணியில் சுற்றி 10 நிமிடம், ஆடி முடித்த பிறகு. வலி குறையும், நோய் மாறாது. எண்ணெய் தொடையிலும் கெண்டையிலும் நீவினால் சுகமாக இருக்கும். மேட்டிலோ குதிகாலிலோ அழுத்தித் தேய்க்கக் கூடாது. மூங்கில் பத்தை வைத்து இறுக்கும் கட்டு வேண்டவே வேண்டாம். பெயர்ந்த எலும்பாக இருந்தால் அது ஆபத்து. இல்லையென்றால் காலை மெலிய வைக்கும்.

பாராசிட்டமால் எடைக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., மோசமான நாளில் ஒரு வேளை தரலாம். ஆடுவதற்கு முன்பு கொடுத்து அனுப்புவது தவறு. 7-ஆம் கேள்வியின் விதி முழுக்க வலியை நம்பித்தான் நிற்கிறது, அதை மூடிவிட்டால் அளவு தெரியாது. ஸ்டீராய்டு ஊசி வளரும் பிள்ளையின் இந்த இடங்களில் போடக் கூடாது. நாண் பலவீனமாகும், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு கரையும்.

14. கால்சியம் மாத்திரை?

குறைபாடு இருந்தால் மட்டும். இது கால்சியம் குறைந்ததால் வரும் நோயல்ல. பால், தயிர், ராகி, முட்டை, நிலக்கடலை, பருப்பு, வெயில் போதும். ஆனால் வயிறு நிறையச் சாப்பிடாமல் காலை 5 மணிக்கே மைதானத்துக்குப் போகும் பிள்ளைக்கு எந்த இடமும் ஆறாது. பெண்பிள்ளைக்கு மாதவிடாய் வந்து பிறகு நின்றிருந்தால் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

15. ஸ்கூல்ல தோப்புக்கரணம், வாத்து நடை எல்லாம் தண்டனையா கொடுக்கிறாங்க. சொன்னா நடிக்கிறான்னு சொல்றாங்க.

தோப்புக்கரணம் 50, வாத்து நடை ஒரு சுற்று, தவளைப் பாய்ச்சல்: இவை மூன்றும் மேட்டின் மேல் விழும் உச்சபட்சச் சுமை. ஒரு மாதப் பயிற்சியின் பலனை ஒரே பீரியடில் அழிக்கும். 'மண்டியிடல், முழுக் குந்தல், தாவல் 8 வாரம் கூடாது. மற்றவை செய்யலாம்' என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வகுப்பாசிரியர், பி.டி. ஆசிரியர் இருவருக்கும் கொடுங்கள். 'விளையாட்டு கூடாது' என்று மட்டும் எழுதினால் பிள்ளையை ஓரமாக உட்கார வைத்துவிடுவார்கள், எதைச் செய்யலாம் என்பதும் எழுதியிருக்க வேண்டும்.

சம்மணம் போட்டு உட்காருவதால் கேடு இல்லை. எழும்போது கையை ஊன்றி எழட்டும். வஜ்ராசனமும் வெறுந்தரையில் மண்டியிடுவதும் வேண்டாம். தொழுகைக்கோ ஜெபத்துக்கோ மண்டியிட வேண்டியிருந்தால் மேடு தரையில் படாதபடி மெத்தை வையுங்கள்.

16. பொண்ணு பரதம் ஆடுறா. அரைமண்டியில முட்டி வலிக்குதாம். நடனத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தும். அரைமண்டியில் நின்று தட்டடவு ஆடும்போது தொடை முன்தசை ஓய்வே எடுப்பதில்லை. தரையோ பெரும்பாலும் கிரானைட். முழுமண்டியையும் மண்டி அடவுகளையும் முதலில் நிறுத்துங்கள். அரைமண்டியின் ஆழத்தைக் குறைத்து, முட்டி பாத விரல்களின் திசையிலேயே விரிகிறதா என்று பாருங்கள். இடுப்பிலிருந்து திரும்பாமல் பாதத்தை மட்டும் திருப்பினால் முட்டி முறுகும். தட்டும் வேகத்தை முதல் காலத்தில் நிறுத்தலாம். அபிநயம், ஜதி சொல்லுதல், தாளம் எல்லாம் வழக்கம் போலத் தொடரலாம். குதிகால் வலியென்றால் குதித்து மெட்டு அடவு வலியை ஏற்றும்; அதை விட்டுவிட்டு மற்றதை ரப்பர் பாய் மேல் ஆடச் சொல்லுங்கள்.

17. எத்தனை நாள்ல சரியாகும்? உண்மையைச் சொல்லுங்க.

குதிகால் சீக்கிரம் அடங்கும், பெரும்பாலோருக்கு 2 முதல் 3 மாதம். 2016-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் காத்திருப்பது, குதிகால் திண்டு, பிசியோதெரபி என்று மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 3 மாத முடிவில் மூன்றுமே ஏறக்குறைய ஒரே அளவு முன்னேற்றம். ஆகவே விலையுயர்ந்த சிகிச்சைப் பொதி எதையும் நம்பி வாங்க வேண்டியதில்லை.

முட்டிக்குப் பொறுமை வேண்டும். 2020-இல் வெளியான டென்மார்க் ஆய்வில் 10 முதல் 14 வயதுள்ள 51 பேருக்கு மேலே சொன்னது போன்ற 12 வாரத் திட்டம் கொடுத்தார்கள். 12 வாரத்தில் 80 சதவீதம் பேர் நன்றாகத் தேறியதாகச் சொன்னார்கள். ஆனால் அந்த நேரத்தில் விளையாட்டுக்கு முழுமையாகத் திரும்பியிருந்தவர்கள் 16 சதவீதம் மட்டும். ஒரு வருடத்தில் 69 சதவீதம். வலி குறைவது ஒரு தேதி, களத்துக்குத் திரும்புவது இன்னொரு தேதி. மூன்றாம் மாதம் 'வலி போச்சே, இன்னும் ஏன் ஆடவிடல' என்று சண்டை வருவது இந்த இரண்டு தேதிக்கும் இடையில்தான்.

18. அடுத்த வாரம் மாவட்ட செலக்‌ஷன். இந்த ஒரு தடவை மட்டும் ஆடட்டுமா?

4-ஆம் கேள்வியில் உள்ள எதுவும் இல்லை, நொண்டல் இல்லை, காலை வலி 2-க்குள் என்றால் ஆடலாம். ஒரு நாள் ஆட்டத்தால் எலும்பு நிரந்தரமாகக் கெட்டுவிடாது. கெடுப்பது அதற்கு முந்தைய வாரம் 'தயார் செய்கிறேன்' என்று இரட்டிப்புப் பயிற்சி கொடுப்பது. செலக்‌ஷனுக்கு முன் 5 நாள் தாவலும் வேக ஓட்டமும் பாதிக்கும் கீழே, முந்தைய நாள் ஓய்வு. முடிந்த பிறகு ஒரு வாரம் மறுபடி முதல் கட்டம். சாதாரணமாக நடக்கும்போதே நொண்டினால் போகக் கூடாது. நொண்டும் பிள்ளையைத் தேர்வாளரும் எடுக்கப்போவதில்லை.

19. வலி போயிடுது, ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வருது. மூணாவது தடவை.

பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, வலி நின்ற அன்றே பயிற்சிகளையும் நிறுத்திவிடுவது. இரண்டாம் கட்டப் பயிற்சி வாரம் இரண்டு நாளாவது வளர்ச்சி முடியும்வரை தொடர வேண்டும். 15 நிமிட வேலை. மற்றொன்று, பள்ளி திறந்ததும், லீவு முடிந்ததும், போட்டிக் காலம் தொடங்கியதும் பூஜ்யத்திலிருந்து நேராக வாரம் ஆறு நாள்.

சுவரில் கோடு போட்டு மாதம் ஒருமுறை, காலையில், உயரத்தை அளந்து எழுதுங்கள். 3 மாதத்தில் 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் ஏறினால் வேக வளர்ச்சி நடக்கிறது. பெண்பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டியும், பையன்களுக்கு 14-ஐ ஒட்டியும் இது உச்சத்தில் இருக்கும். அந்த மாதங்களில் வலி வருவதற்கு முன்பே தாவல் எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம். இதற்கு அளவு நாடாவும் பென்சிலும் போதும்.

20. காலையில ஸ்கூல் டீம், சாயங்காலம் அகாடமி, சனி ஞாயிறு கிளப். ஒருத்தர் சொல்றதை இன்னொருத்தர் கேட்கிறதில்லை.

மூன்று பயிற்சியாளரும் தத்தம் பங்குக்கு 'கொஞ்சம்தான்' கொடுக்கிறார்கள். மூன்று கொஞ்சம் சேர்ந்து 8-ஆம் கேள்வியின் வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஒரு சின்ன நோட்டு, நாளுக்கு ஒரு வரி: எங்கே ஆடினான், எத்தனை நிமிடம், தாவல் உண்டா, மறுநாள் காலை வலி எத்தனை. அந்த நோட்டைப் பிள்ளையின் பையிலேயே வைத்து மூவரிடமும் காட்டச் சொல்லுங்கள். தாவல் உள்ள பயிற்சி இரண்டுக்கு நடுவே குறைந்தது ஒரு நாள் இடைவெளி. எந்த அணியில் என்பதை அவர்கள் பேசி முடிவு செய்யட்டும். ஒத்துவராவிட்டால் ஒரு அணியைப் பருவம் முடியும்வரை விட்டுவிடுவது பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு. அதைப் பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது.

21. எனக்கே 19 வயசு. சின்ன வயசுல வந்த மேடு அப்படியே இருக்கு, மண்டி போட்டா இன்னும் வலிக்குது. ஆபரேஷன் வேணுமா?

மேடு எலும்பாகிவிட்டது, இனிக் கரையாது. அது இருப்பதால் மட்டும் கேடு ஒன்றும் இல்லை. மண்டியிடும்போது மட்டும் வலித்தால் திண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போதும் தாவும்போதும் வலித்தால் முதலில் 9-ஆம் கேள்வியின் இரண்டாம், மூன்றாம் கட்டத்தை ஒழுங்காக 12 வாரம் செய்து பாருங்கள். சின்ன வயதில் பலர் இதைச் செய்திருக்கவே மாட்டார்கள். அதன் பிறகும் அடங்காவிட்டால், நாணுக்குள் தனித் துணுக்கு ஒன்று சேராமல் நின்றிருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் பார்த்து அதை எடுத்துவிடும் அறுவை சிகிச்சை உண்டு. வளர்ச்சி முடிந்தவர்களுக்கு மட்டுமே அதைச் செய்வார்கள், தேவைப்படுபவர்களும் மிகக் குறைவு.